யார் பார்த்தது?

அவர் எங்கள் வீட்டுக்குள் வரும்போது முதலில் வருவது அவருடைய மூக்குதான். வாசற்படியில் நின்று இரண்டு முறை காற்றை இழுத்துப் பார்ப்பார். பிறகு நேரே சமையலறைக்குப் போய், கேஸ் சிலிண்டரின் திருகைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துதான் போனை எடுப்பார். வெளியே போகும்போதும் இன்னொரு முறை தொடுவார். அடுப்பை அணைத்துவிட்டேன் என்று அம்மா நூறு முறை சொன்னாலும் அவர் காதில் ஏறாது. "மூடியாச்சுன்னு வாய் சொல்றது வேறம்மா. கை சொல்றது வேற" என்பார். அம்மாவுக்கு முகம் கடுகடுவென்று ஆகிவிடும். அடுத்த வீட்டு ஆண்பிள்ளை அடுப்படிக்குள் வந்து சிலிண்டரைத் தடவினால் எந்தப் பொம்பளைதான் பொறுத்துக்கொள்வாள்?

ஆனால் அவரை வராதே என்று சொல்லவும் முடியாது. போன் எங்கள் வீட்டில் இருந்தது. கிழக்குத் தாம்பரத்திலிருந்து சேலையூர் போகும் வழியில் இருந்த எங்கள் தெருவுக்கு, எண்பதுகளின் நடுவில், அந்த ஒரு போன்தான். அப்பாவுக்கு வேலை மூலமாகக் கிடைத்தது. பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த மூன்றாம் மாதம் அவர் வாசலில் ஒரு போர்டு மாட்டினார். 'நீருக்கடி மீட்புப் பணிகள். கிணறு, குளம், ஏரி, கல்குட்டை. முன்னாள் கடற்படை நீர்மூழ்கி வீரர்.' அதற்குக் கீழே, எங்களை ஒரு வார்த்தை கேட்காமல், எங்கள் போன் நம்பரைப் போட்டுப் பக்கத்தில் பி.பி. என்று எழுதியிருந்தார். பக்கத்து வீட்டு போன் என்றால் அந்தக் காலத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். அன்றிலிருந்து பல்லாவரத்துக்கும் காட்டாங்குளத்தூருக்கும் நடுவில் யார் தண்ணீரில் விழுந்தாலும் முதல் மணி எங்கள் வீட்டில் அடித்தது.

நான் பி.காம். முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். அதாவது வீட்டில் சும்மா இருந்தேன். அதனால் அந்த மணிகளை எடுத்தவன் பெரும்பாலும் நான்தான். போனுக்கு மேலே சுவரில் அவரே ஒரு அட்டையைத் தொங்கவிட்டிருந்தார். அதில் மூன்று கேள்விகள் இருந்தன. எங்கே? எப்போது? யார் பார்த்தது? மூன்றையும் கேட்டு எழுதிக்கொண்டு ஓடிப்போய் அவரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் மட்டும் போதாது. அவர் ஏதாவது பதில் சொன்னால் அதை நான் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். கப்பலில் அதுதான் வழக்கமாம். உத்தரவு வாங்குகிறவன் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கை வைப்பானாம்.

இந்த வழக்கத்தை அவர் தெருமுனை டீக்கடையிலும் விடவில்லை.

"ரெண்டு டீ. ஒண்ணுல சர்க்கரை கம்மி."

"சரி சார்."

"சரி இல்லை. திருப்பிச் சொல்லு."

"இன்னா சார் பேஜார் பண்றே? டீ தானே போடறேன், பரீட்சையா எழுதறேன்? ரெண்டு டீ, ஒண்ணு சக்கர கம்மி. போதுமா?"

"போதும்" என்பார், சிரிக்காமல். ஆனாலும் டம்ளரை வாங்கியதும் நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்த பிறகுதான் குடிப்பார்.

ஊர் அவரை நம்பவில்லை. நானும் நம்பவில்லை. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கம்பவுண்டர் ஒருவர் இருந்தார். எதற்கும் ஒரு கருத்து வைத்திருப்பவர். "நீர்மூழ்கிக் கப்பல்ல இருந்தவன் தண்ணியையே பார்த்திருக்க மாட்டான்யா. இரும்பு டப்பாவுக்குள்ள உட்கார்ந்து சப்பாத்தி உருட்டியிருப்பான். அவனுக்கு நீச்சல் தெரியுமான்னு முதல்ல கேளுங்க" என்றார். நான் போய்க் கேட்டேன். வேலையில்லாதவனுக்கு வேறு என்ன வேலை? அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தெரியும்னு சொன்னா நம்பிடுவியா தம்பி? வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கிணற்றிலேயே மோட்டார் அறுந்து விழுந்தபோது இறங்கினார். வேனிலிருந்த கம்ப்ரஸரிலிருந்து ஒரு நீளமான ரப்பர் குழாய், அதன் முனையில் முகமூடி, இடுப்பில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையைக் கோவளத்துக்காரர் ஒருவர் பிடித்திருப்பார். ஒரு இழுப்பு என்றால் நலம், இரண்டு என்றால் தூக்கு. இருபது நிமிடத்தில் மோட்டாரோடு என் அம்மா பதினைந்து வருடத்துக்கு முன்னால் தொலைத்த பித்தளைக் குடமும் மேலே வந்தது. அம்மா குடத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அது அங்கதான் இருந்துதுன்னு இவருக்கு எப்படித் தெரியும்?" என்று என்னிடம் கேட்டாள். நல்லது செய்தாலும் அவர்மேல் சந்தேகம்தான் வளர்ந்தது.

நீர்மூழ்கியைப் பற்றி அவர் ஒரே ஒரு கதைதான் சொன்னார். ஒருவன் வால்வை மூடியாகிவிட்டது என்று ரிப்போர்ட் கொடுத்தானாம். இவர் போய்த் தொட்டுப் பார்க்கவில்லை, நம்பிவிட்டார். தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. முதல் முறை சொன்னபோது தண்ணீர் முழங்கால் வரை இருந்தது. அடுத்த வருடம் இடுப்புக்கு ஏறியிருந்தது. ரிப்போர்ட் கொடுத்தவன் என்ன ஆனான் என்று கேட்டேன். ஒரு தடவை, "ஆஸ்பத்திரியில இருந்து பிழைச்சுகிட்டான்" என்றார். இன்னொரு தடவை எழுந்துபோய் ஜன்னல் கொக்கியைச் சரிபார்த்தார். கதையில் பாதி பொய் என்று அப்போது முடிவு கட்டினேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. சிலவற்றை ஒரே மாதிரி இரண்டு முறை சொல்ல முடிவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேனில் வெள்ளை பெயிண்ட் டப்பாவோடு கிளம்பிவிடுவார். சில வாரம் நானும் கூடப் போனேன். திரிசூலம், பல்லாவரம், கீழ்க்கட்டளைப் பக்கமெல்லாம் கல் வெட்டி எடுத்த பள்ளங்கள் மழைத்தண்ணீர் நிரம்பி ஆளை விழுங்கும் ஆழத்தில் கிடந்தன. அவற்றின் கரையைச் சுற்றியிருந்த பாறைகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் எழுதினார். பதறிப்போய் நிற்கிறவன் 'அதோ அங்க' என்று கை காட்டுவான், அங்கே என்றால் எங்கே என்று நான் தேட முடியாது, நம்பர் சொன்னால் நேராக இறங்குவேன் என்பது அவர் சொன்ன காரணம். நல்ல காரணம்தான். ஆனால் அங்கே கல் உடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்கள் எதிரிலேயே கேட்டுவிட்டாள்.

"இன்னாத்துக்கு சார் நம்பர் போட்டுகினு கீறே? இன்னும் எத்தினி பேரு சாவணும்னு கணக்கா?"

அவர் ஒன்பதாம் நம்பரை எழுதிக்கொண்டிருந்தார். சாவதற்கு முன்பே நம்பர் போடுகிறவன் என்ற பேர் அவருக்கு அப்படித்தான் வந்தது. ஆள் விழுந்தால்தானே அவருக்குத் தொழில், ஒருவேளை இவரே, என்று கம்பவுண்டர் ஒருநாள் பாதியில் நிறுத்தினார். மீதியை எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய் முடித்துக்கொண்டோம்.

அந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் வண்டி கிளம்பாது. அதில் இரக்கமே கிடையாது. ஒருமுறை செம்பாக்கம் ஏரிக்கரையில் ஒருவருடைய வேட்டி, சட்டை, செருப்பு எல்லாம் கிடந்தன. மனைவி மண்ணில் புரண்டு அழுகிறாள். பக்கத்து வீட்டு சாரை எப்படியோ அழைத்துப் போய்விட்டார்கள். "யார் பார்த்தது?" என்றார். யாரும் பார்க்கவில்லை. உடுப்பைத்தான் பார்த்தோம் என்றார்கள். அவர் குனிந்து செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பினார். வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது.

"இவர் தினமும் போடற செருப்பு இதுவாம்மா?"

அழுதுகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "இது தூக்கிப் போட்ட பழசுங்க" என்றாள்.

"ஏரியில ஆள் இல்லை" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிவிட்டார். கரையில் இருந்தவர்கள் கல்லெடுத்து அடிக்காத குறை. நான்காம் நாள் அந்த மனிதர் அரக்கோணத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் புதுச் செருப்போடு அகப்பட்டார். பக்கத்து வீட்டு சார் சொன்னது சரியாகப் போனதால் ஜனங்களுக்கு அவர்மேல் மதிப்பு வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. இந்த ஆள் நம் வீட்டுச் செருப்பையும் இப்படித் திருப்பிப் பார்ப்பானோ என்ற பயம்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். தண்ணீருக்குள்ளிருந்து யாரையாவது கொண்டுவந்தால், கரையேறிய உடனே, முகமூடியைக் கழற்றுவதற்கும் முன்னால், இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துச் சுற்றியிருப்பவர்களுக்குக் காட்டுவார். பை இல்லாத அரைக்கால் சட்டையும் பனியனும்தான் உடுப்பு. இறந்தவர்கள் கழுத்திலும் விரலிலும் இருப்பதைப் பற்றி ஊர் பேசும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மற்றவர்களை நம்பாதவர், மற்றவர்கள் தன்னை நம்ப வேண்டும் என்றும் எதிர்பார்க்கவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன்.

என் அக்கா எஸ்தரும் அத்தானும் எங்கள் மாடிப் போர்ஷனில் இருந்தார்கள். அத்தானுக்குச் சொந்த ஊர் நாசரேத் பக்கம். சிரித்த முகம், அதிர்ந்து பேசமாட்டார். அவர்களுக்கு ஒரு வயதில் பெண் குழந்தை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து சாப்பிட்டுப் படுத்தவர், வெயில் தாங்காமல் எழுந்து வந்தார். "மச்சான், கீழ்க்கட்டளைக்குப் போய் ஒரு முங்கு போட்டுட்டு வருவோமா?" என்றார். அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கி வந்து என்னிடம் தனியாகச் சொன்னாள். "அவருக்கு நீச்சல் அரைகுறைடா. நீ கரையில இருந்து பார்த்துகிட்டே இரு." சரி என்றேன்.

அத்தான் ஏழாம் நம்பர் பாறையில் உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார். பாறை விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்தேன். அன்றைக்குக் கிரிக்கெட் மேட்ச். ரோட்டோரப் பெட்டிக்கடையில் டிரான்சிஸ்டர் ஓடுவதை வரும்போதே கவனித்திருந்தேன். "இங்கயே பிடிச்சுகிட்டு இருங்க அத்தான், ஸ்கோர் கேட்டுட்டு வந்துடறேன்" என்றேன். "போய்ட்டு வா மச்சான்" என்றார். ஐந்து நிமிடம் என்று நினைத்துப் போனேன். ஆட்டம் இழுபறியாக இருந்தது. ஒரு சிகரெட்டும் பிடித்தேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

திரும்பி வந்தபோது உடுப்பு இருந்தது. அவர் இல்லை. தண்ணீரில் ஒரு வட்டம்கூட இல்லை. கத்தினேன். என் குரல் எதிர்ப்பாறையில் பட்டு என்னிடமே வந்தது. எனக்கும் நீச்சல் அவ்வளவாகத் தெரியாது. பக்கத்துக் கிரஷர் ஆபீஸுக்கு ஓடி, காவலாளியின் கையைப் பிடித்துக் கெஞ்சி, எங்கள் வீட்டு நம்பரைச் சுற்றினேன். அக்கா எடுத்தாள்.

"அக்கா, பக்கத்து வீட்டு சாரைக் கூப்பிடு. அவசரம்."

"எங்கடா இருக்கே? யாருக்கு என்ன?"

"யாரோ ஒருத்தர் விழுந்துட்டார்க்கா. சீக்கிரம் கூப்பிடு."

"ஐயோ பாவமே. டேய், உங்க அத்தான் கரையிலதானே இருக்காரு? காப்பாத்தறேன்னு இறங்கிடப் போறாரு. பிடிச்சு வெச்சுக்கோ."

"ம்" என்றேன்.

அவர் வந்து போனை வாங்கினார்.

"எங்க?"

"கீழ்க்கட்டளை சார்."

"எப்போ?"

"இப்பதான் சார்."

"யார் பார்த்தது?"

அந்த அட்டையை எத்தனை முறை படித்திருப்பேன். யாரும் பார்க்கவில்லை என்றால் அவர் வரமாட்டார். செம்பாக்கத்தில் ஒரு பெண் மண்ணில் புரண்டபோதே இறங்காத மனிதர் இவர். அக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறாள்.

"நான் பார்த்தேன் சார்."

"எந்த நம்பர்?"

"ஏழு."

"திருப்பிச் சொல்லு."

"ஏழாம் நம்பர் பாறை. முழுகினதை நான் பார்த்தேன்." பிறகு குரலை இறக்கி, "சார், அது எங்க அத்தான். அக்காகிட்ட சொல்லிடாதீங்க" என்றேன். ரிசீவரை வைத்துவிட்டார்.

அன்று அவர் அக்காவிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் போனை வைத்துவிட்டுச் சிலிண்டரைத் தொடாமல் வெளியே போனாராம். அக்காவுக்கு அதுவே போதுமாக இருந்தது. குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அப்பாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் வந்துவிட்டாள்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது அவர் ஏழாம் நம்பர் பாறையடியில் மூன்றாவது முறையாக இறங்கியிருந்தார். அக்கா அந்த உடுப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. பார்த்துகிட்டே இரு என்று அவள் சொன்னது எனக்கு மட்டும்தானே கேட்டது? நான் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்று அவளுக்குக் காட்ட வேண்டியிருந்தது. வாய் தானாக ஓடியது.

"பார்த்துகிட்டே இருந்தேன்கா. திடீர்னு முழுகிட்டாரு. கடைசியா உன் பேரைச் சொன்னாருக்கா. எஸ்தர், எஸ்தர்னு கத்தினாரு. நான் ஓடறதுக்குள்ள…"

அப்பா தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா அழவில்லை. அதே நேரம் அவர் தண்ணீருக்கு மேலே வந்து, பாறையைப் பிடித்தபடி, முகமூடியை நெற்றிக்குத் தள்ளியிருந்தார். எங்களுக்கும் அவருக்கும் இரண்டு கை தூரம்தான். மேலே ஏறி வந்தார். நீர் சொட்டச் சொட்ட அக்காவுக்கு எதிரில் குந்தி, மெதுவாக ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னாள். இன்னொன்று கேட்டார். அவள் தலையை இல்லையென்று ஆட்டினாள். இந்த நேரத்தில் இவருக்கு என்ன விசாரணை வேண்டிக்கிடக்கிறது, அத்தானின் கழுத்துச் செயினைப் பற்றி இப்போதே கேட்டு வைத்துக்கொள்கிறாரோ என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. என் புத்தி அப்படித்தான் போனது. அவர் அதற்குமேல் இறங்கவில்லை. வெளிச்சம் போய்விட்டது, காலையில் பார்க்கலாம் என்றார்.

மறுநாள் விடிந்ததும் ஏழாம் நம்பர் பக்கம் அவர் திரும்பியே பார்க்கவில்லை. நேரே எதிர்ப்பக்கம் போய்ப் பன்னிரண்டாம் நம்பர் பாறையடியில் இறங்கினார். அங்கே படி மாதிரி வெட்டிய இடம் இருந்தது, பாசி பிடித்திருக்கும். ரோட்டுக்கும் பெட்டிக்கடைக்கும் போகும் வழி அந்தப் பக்கம்தான். அத்தான் என்னைத் தேடிக்கொண்டுதான் அங்கே போனாரா, சும்மா போனாரா என்பது எனக்குத் தெரியாது. அதை நினைக்காத நாளும் இல்லை.

அரை மணியில் அத்தானின் உடலை அவர் கொண்டுவந்துவிட்டார். கரையேறியதும் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். இரண்டும் காலியாக இருந்தன. நான் மிக அருகில் நின்று பார்த்தேன்.

வந்திருந்த சப் இன்ஸ்பெக்டர் நோட்டைப் புரட்டிவிட்டு, "இந்தப் பையன் ஏழுன்னு சொன்னானே, பன்னிரண்டுல எப்படி?" என்றார். சென்னையிலேயே வேலையில் இருந்த அத்தானுடைய அண்ணன்மார்கள் இரவோடு இரவாக வந்து பக்கத்தில் நின்றிருந்தார்கள்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே, "தண்ணி தள்ளியிருக்கும் சார்" என்றார்.

சப் இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். கல்குட்டைத் தண்ணீர் எங்கே தள்ளும்? அது பாத்திரத்தில் ஊற்றிவைத்த தண்ணீர். அது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை.

அதற்கு நான் நன்றியோடு இருந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது பயம். யாரையும் நம்பாத மனிதர், தொடாமல் எதையும் ஒப்புக்கொள்ளாதவர், எனக்காக எதற்கு ஒரு பொய் சொல்ல வேண்டும்? என்றைக்கோ ஒருநாள் இதை வைத்து என்னிடம் ஏதோ கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். நல்ல எண்ணம் என்று ஒன்று இருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

பத்தாம் நாள் அத்தானுடைய அண்ணன், "கழுத்துச் செயின் எங்க?" என்று ஆரம்பித்தார். அந்த முழுகுக்காரன்தான் எடுத்திருப்பான் என்று பேச்சு வந்தது. கம்பவுண்டர் உடனே தலையாட்டினார். காலிக் கைகளை நான் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் பேச்சு அந்தக் கல்குட்டைக்குத் திரும்பும், ஏழு, பன்னிரண்டு என்று போகும். அதோடு, அவர் பேர் கெட்டால் நாளைக்கு அவர் என்னைப் பற்றி எதைச் சொன்னாலும் எடுபடாது என்று ஒரு கணக்கு உள்ளே ஓடியது. இதை எழுதும்போது கூசுகிறது. ஆறு மாதம் எங்கள் வீட்டு போன் அவருக்காக அடிக்கவே இல்லை. போலீஸ்காரர்கள் கடற்கரைப் பக்கத்திலிருந்து வேறு ஆட்களை அழைத்துக்கொண்டார்கள். பிறகு ஒருநாள் பீரோவில், அத்தான் அன்று சர்ச்சுக்குப் போட்டுப் போன சட்டையின் பையில், செயின் கிடைத்தது. அக்காவே போய் அவரிடம் காட்டிவிட்டு வந்தாள். நான் போகவில்லை.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருடம் அடுத்தடுத்த வீட்டில் இருந்தோம். அவர் "தம்பி" என்று கூப்பிட்டாலே ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவேன். மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், போய்ப் பார் என்று ஒருமுறை சொன்னார். ஏதோ வலை என்று நினைத்துப் போகவில்லை. பிறகு காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் நானாக வேலை தேடிக்கொண்டேன். அவருக்கும் தொழில் பெருகியது. கம்பெனிகளுக்கு வருட ஒப்பந்தத்தில் தண்ணீர்க் குழாய்களுக்குள் இறங்கிச் சுத்தம் செய்தார், துறைமுகத்தில் வேலை எடுத்தார், மூன்று வேன் ஆனது, ஆட்களுக்கு நீலச் சட்டை தைத்துக் கொடுத்தார். தொண்ணூறுகளில் அவர் வீட்டுக்கே போன் வந்துவிட்டது. போர்டில் எங்கள் நம்பரை அழித்த அன்று அம்மாவுக்கு ஒரு இனிப்புப் பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். அப்போதும் சிலிண்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அவர் தண்ணீரில் சாகவில்லை. ஒருநாள் காலை, நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது மார்வலி வந்து போய்விட்டார். அடக்கம் முடிந்து வந்த பிறகும் அக்கா அழுதுகொண்டிருந்தாள். அத்தானுக்குக்கூட அவள் அப்படி வாய்விட்டு அழுததில்லை. எனக்குச் சந்தேகம் வந்தது. இவருக்கும் இவளுக்கும் என்ன இருக்கிறது, இவ்வளவு அழ? அதோடு ஒரு நிம்மதியும் வந்தது என்பதை மறைப்பானேன். தெரிந்த ஒரே வாய் மூடிவிட்டது. ஆனால் அந்த நிம்மதி மதியம் வரைகூடத் தங்கவில்லை. இனி நானாகச் சொன்னால்தான் உண்டு என்று ஆகிவிட்டது.

அக்கா முற்றத்தில் உட்கார்ந்து மகளின் பள்ளிச் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, அன்னிக்கு நான் பார்க்கலை."

ஊசி நிற்கவில்லை. "தெரியும்" என்றாள்.

"அவர் சொன்னாரா?"

"அவர் எதையும் சொல்லலை. கேட்டார். அன்னிக்குச் சாயங்காலம் தண்ணி சொட்டச் சொட்ட எதிர்ல வந்து உட்கார்ந்தாரே, அப்போ. 'உங்க வீட்டுக்காரர் உங்களை எப்படிம்மா கூப்பிடுவார்?'னு கேட்டார். 'பிள்ள'ன்னு கூப்பிடுவார்னேன். 'பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லையா?'ன்னார். கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஒரு தடவைகூட இல்லடா. அதைச் சொல்லும்போதே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அவருக்கும் புரிஞ்சுது. அதனாலதான் மறுநாள் நீ சொன்ன இடத்தை விட்டுட்டாரு."

"அப்புறம் ஏன் இத்தனை வருஷமா என்னைக் கேட்கலை?"

"கேட்டா நீ இன்னொண்ணு சொல்லுவே. அவரும் அதையேதான் சொன்னார். செயினைக் காட்டப் போனேனே, அன்னிக்கு. 'நீங்களா கேட்காதீங்கம்மா, அவனா சொல்லட்டும்'னார். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு வரும்போது 'சொல்லிட்டானா?'ன்னு கேட்பார். இல்லைம்பேன். போன வருஷமும் கேட்டார்."

பொத்தானை இறுக்கி முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்தாள். பிறகு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"எங்கடா இருந்தே?"

"ரோட்டுக் கடையில. கிரிக்கெட் கேட்டுகிட்டு."

அக்கா அந்தச் சீருடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்து உள்ளே போகும்போது வாசற்படியில் நின்றாள்.

"யாருடா ஜெயிச்சா?" என்று கேட்டாள்.